லண்டனில் ஒரு திங்கட்கிழமை – கடிதம்

வணக்கம் ஐயா,

மே மாதம் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். கடைசி ஞாயிறு, திங்களில் ஒரு நாள் உறவினர் வீட்டுக்கு, ஒரு நாள் ஊர் பார்க்க. இம்பீரியல் போர் அருங்காட்சியகமா, செயின்ட் பால் பேராலயமா என்று வீட்டில் வழக்கு ஓயவில்லை. 12 வயது மகனுக்குப் பீரங்கி, விமானம் பார்க்க வேண்டும். 68 வயது அம்மாவுக்குப் பேராலயம்; ஆனால் முட்டிவலி. முன்னது இலவசம், பின்னதற்கு நல்ல காசு. எதை விடலாம்?

செந்தில்குமார், கோவை

அன்புள்ள செந்தில்குமார்,

உறவினர் வீட்டை ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று செயின்ட் பாலில் வழிபாடு மட்டும்தான், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். திங்கள் என்றால் இரண்டுமே முடியும். வரிசை மட்டும் மாறக் கூடாது. பேராலயம் காலை 8.30க்குத் திறக்கும், மாலை 4 மணிக்கு மேல் பார்வையாளரை உள்ளே விடாது. அருங்காட்சியகம் 10 முதல் 6 வரை. இலவசம்தானே என்று பலரும் அங்கே முதலில் நுழைந்து, மூன்றரைக்கு மூச்சிரைக்கப் பேராலய வாசலுக்கு வருகிறார்கள். முழுக் கட்டணம் கட்டியும் குவிமாடத்தில் ஏற நேரமில்லாமல் திரும்ப வேண்டி வரலாம்.

மகனிடம் சொல்லுங்கள், இரண்டாம் உலகப் போரின் பெரிய காட்சிப்பொருளே அந்தப் பேராலயம்தான் என்று. கட்டடக் கலைஞர் ரென் கட்டிய பேராலயத்தின் (1675–1710) குவிமாடம் மூன்று அடுக்கு: உள்ளே நாம் பார்க்கும் ஓவியக் கூரை, அதன்மேல் செங்கல் கூம்பு, வெளியே மரச்சட்டத்தின் மேல் ஈயத் தகடு. அந்த மரம்தான் ஆபத்து. 1940 டிசம்பர் 29 இரவு ஒரு தீக்குண்டு ஈயத்தில் செருகிக்கொண்டது. ஈயம் உருக, குண்டு நழுவி வெளிமாடத்தில் விழுந்தது, அங்கே அணைத்துவிட்டார்கள். உள்பக்கம் விழுந்து மரத்தைப் பற்றியிருந்தால் குவிமாடமே போயிருக்கும். வாளித் தண்ணீரும் கைப்பம்புமாக இரவெல்லாம் கூரையில் காவல் நின்றவர்கள் தொண்டர்கள். அதே ஆண்டு அக்டோபரில் விழுந்த குண்டு பலிபீடத்தை நொறுக்கியது. அதன் பின்புறத்தில் இன்று இருப்பது, போரில் இறந்த 28,000 அமெரிக்கர்களின் பெயரேடு வைத்த சிற்றாலயம். பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும் இடம், நீங்கள் நின்று பாருங்கள்.

மேலே ஏற 528 படி, லிஃப்ட் கிடையாது. முதல் 257 அகலமான தாழ்ந்த படிகள், ஏறச் சிரமம் குறைவு. அடுத்த 119 குறுகலான கல்படி. கடைசி 152 செங்குத்தான இரும்புச் சுழல்படி, கீழே பார்த்தால் இடைவெளி தெரியும். உயரம் ஆகாதவர்கள் 376ஆவது படியோடு, குவிமாடத்தைச் சுற்றியுள்ள கல்மாடத்தில் நின்றுவிடலாம். அங்கிருந்தே ஊர் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அம்மா லிஃப்டில் நிலவறைக்கு இறங்கட்டும். தளபதிகள் நெல்சன், வெலிங்டன் கல்லறைகள் அங்கே, காப்பிக்கடையும் உண்டு. திருச்சியில் 1826இல் இறந்த பிஷப் ஹீபருக்கும் பேராலயத்தில் சிலை இருக்கிறது. எந்தப் பக்கம் என்று வழிகாட்டிகளைக் கேளுங்கள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தால் போதும். சரிவில் இறங்கி லட்கேட் சர்க்கஸில் தெற்கே போகும் 63ஆம் எண் பஸ் பிடித்து, செயின்ட் ஜார்ஜஸ் சர்க்கஸில் இறங்கிச் சற்று நடக்க வேண்டும். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. ஆளுக்கொரு தட்டிச் செலுத்தும் கார்டு வேண்டும், ஒரே கார்டை இருவர் தட்ட முடியாது.

அருங்காட்சியக வாசலிலேயே இரண்டு 15 அங்குலக் கப்பல் பீரங்கிகள் நிற்கும், மகன் அங்கேயே நின்றுவிடுவான். உள்ளே நடுக்கூடத்தில் ஸ்பிட்ஃபயர், ஹாரியர் விமானங்களும் வி-2 ராக்கெட்டும். முதல் உலகப் போர்க் கூடத்தில் பதுங்குகுழி மாதிரி ஒன்று உண்டு. அதற்கும் இரண்டாம் உலகப் போர்க் கூடத்துக்குமாக இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். யூத இனப்படுகொலைக் கூடம் 14 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். நீங்களும் மனைவியும் மாறி மாறிப் போய் வாருங்கள்.

காசு விஷயம்: பேராலயத்துக்குப் பெரியவர் டிக்கெட் 25 பவுண்டை ஒட்டி வரும், குவிமாடம் ஏறுவதும் அதில் அடக்கம். கட்ட மனமில்லை என்றால் மாலை 5 மணி வழிபாட்டுக்குப் போகலாம். அது இலவசம், ஆனால் குவிமாடமும் நிலவறையும் கிடைக்காது. அப்படியானால் மட்டும் வரிசையை மாற்றி அருங்காட்சியகத்தை முதலில் வையுங்கள். எதுவானாலும் கிளம்பும் முன் பேராலய இணையதளத்தில் அன்றைய தேதியைப் பார்த்துவிடுங்கள். சிறப்பு வழிபாடு இருந்தால் பாதி நாள் மூடிவிடுவார்கள். பெரிய பெட்டி கொண்டுபோகாதீர்கள், வைத்துவிட்டுப் போக அங்கே இடம் இல்லை.