அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்குக் கிரான்பெர்ரி (புளிப்பான சின்னச் சிவப்புப் பழம்) சாஸ் வீட்டிலேயே செய்யலாமா, டப்பா வாங்கிப் போய்விடலாமா?

செய்துவிடுங்கள். அலுவலக நண்பர் வீட்டு விருந்துக்கு "சாஸ் நான் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டதாகவும், சமையல் அவ்வளவாகப் பழக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வான்கோழிக்குத் தலையாட்டாமல் இதற்குத் தலையாட்டினீர்களே, பிழைத்தீர்கள். அந்த மேசைக்கு வரும் பதார்த்தங்களில் இதைவிடச் சுலபமானது கிடையாது. முந்தின நாளே செய்து வைப்பதுதான் நல்லது என்பதால் பண்டிகை நாளான வியாழக்கிழமை காலையில் பரபரப்பும் இல்லை.

வேண்டியது மூன்றே பொருள்: 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் கிரான்பெர்ரிப் பை ஒன்று, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். பெரும்பாலும் பையின் பின்பக்கத்திலேயே இந்தக் கணக்கு அச்சிட்டிருக்கும். எட்டுப் பேர் தொட்டுக்கொள்ளத் தாராளமாக வரும். நவம்பரில் எல்லா மளிகைக் கடையிலும் குவித்து வைத்திருப்பார்கள், ஆனால் பண்டிகைக்கு முந்தின மாலை போனால் காலி அலமாரிதான் மிஞ்சும். முன்கூட்டியே வாங்கிப் ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்ததை அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம், உருக வைக்க வேண்டாம். இனிப்புச் சேர்த்து உலர வைத்த கிரான்பெர்ரி வேறு சமாச்சாரம், இதற்கு உதவாது.

பழத்தைக் கழுவும்போது மெத்தென்று நசுங்குவதையும் சுருங்கிப் போனதையும் எடுத்துவிடுங்கள். நல்ல பழம் கீழே விழுந்தால் துள்ளும். ஆலைகளில்கூட மரப்பலகைமேல் துள்ள விட்டுத்தான் நல்லதையும் சொத்தையையும் பிரிப்பார்கள். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதே அதற்குக் காரணம். நான் இருப்பது மாசசூசெட்ஸில். அக்டோபரில் இங்கே கார்வர், வேர்ஹம் பக்கம் போனால் வயலில் தண்ணீரைக் கட்டி, பழத்தைச் செடியிலிருந்து உதிர்த்து, சிவப்புச் சிவப்பாக மிதக்க விட்டிருப்பார்கள். மிதக்க வைப்பதும் அந்தக் காற்றுதான். அப்படி நனைந்து வரும் பழம் சாறுக்கும் டப்பாவுக்கும் போகிறது. நீங்கள் பையில் வாங்குவது பொதுவாகத் தண்ணீர் கட்டாமல் உலர்வாகப் பறித்தது. (அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சினில்தான். இந்த ஊர்க்காரர்களிடம் இதை எடுத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.)

அடுப்பு வேலைக்கு வருவோம். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். புளிப்பு அதிகம் என்பதால் இரும்புச் சட்டியும் பூச்சில்லாத அலுமினியமும் வேண்டாம். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்ததும் பழத்தைப் போட்டு, மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். சிறிது நேரத்தில் பழங்கள் டப் டப் என்று வெடிக்கும். பயப்பட வேண்டாம், தோல் பிளந்து கூழ் வெளியே வருகிறது, அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையோடு மட்டும் பக்கத்தில் நிற்காதீர்கள். நுரை கட்டினால் வழித்து எடுத்துவிட்டு, அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

கொதிக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அணைக்கும்போது சாஸ் நீர்த்தே இருக்கும், கரண்டியிலிருந்து ஒழுகும், "இன்னும் கொஞ்சம் இறுகட்டுமே" என்று கை துறுதுறுக்கும். இறுக விடாதீர்கள். கிரான்பெர்ரியில் பெக்டின் (பழச்சாறை உறைய வைக்கும் பொருள்) ஏராளம், அமிலமும் ஏராளம். சர்க்கரையும் சேர்ந்தால் ஆற ஆறத் தானாகவே உறைந்துகொள்ளும். சூட்டில் பார்த்துப் பதம் முடிவு செய்தால் மறுநாள் கத்தி வைத்து அறுக்க வேண்டி வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு தட்டை ஃப்ரீசரில் குளிர வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. ரொம்ப இறுகிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் இளகிவிடும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்தும் ஓடுகிறதென்றால் திரும்ப அடுப்பில் ஏற்றி நாலைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு கப்பை முக்கால் கப்பாகத் தாராளமாகக் குறைக்கலாம், நான் செய்வதும் அப்படித்தான். இந்தப் பழத்துக்குக் களாக்காய் மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கும் புளிப்பு உண்டு. வான்கோழி, கிரேவி, வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு மசியல் என்று கனமாகப் போகிற சாப்பாட்டில் அந்தப் புளிப்புக்குத்தான் வேலை. அதைக் கொன்றுவிட்டால் மேசையில் இன்னொரு ஜாம்தான் இருக்கும். அரைக் கப்புக்கும் கீழே போனால் சரியாக உறையாது, குழம்பாகவே நிற்கும். வெல்லம் போட்டால் ருசி மோசமில்லை, ஆனால் அந்தப் பளிச்சென்ற சிவப்பு மங்கிப்போகும். தண்ணீருக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு, கூடவே கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல் என்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஒரு சிட்டிகை உப்பு, சின்னப் பட்டைத்துண்டு, போதும். கிராம்பை அள்ளிப் போட்டால் பல் வைத்தியர் அறை வாசம் வந்துவிடும்.

நீங்கள் சைவமென்றால் இன்னொரு விஷயம். இந்தச் சாஸ் உறைவது பழத்தின் பெக்டினால், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் தேவையே இல்லை, அதனால் பயமின்றிச் சாப்பிடலாம். பக்கத்துப் பதார்த்தங்களைத்தான் விசாரிக்க வேண்டும். ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங்கில் பெரும்பாலும் கோழிச்சாறு விட்டிருப்பார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேலே உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும்.

சரி, டப்பாவை இளக்காரமாகப் பேசவும் எனக்கு மனமில்லை. மார்கஸ் யூரன் என்ற வழக்கறிஞர் 1912-இல் இந்த மாசசூசெட்ஸில் ஹேன்சன் என்ற ஊரில் சாஸை டப்பாவில் அடைக்கத் தொடங்கினார். அதுவரை வருடத்தில் ஏதோ இரண்டு மாதம் விற்கும் பழமாக இருந்தது, அப்புறம் வருடம் முழுக்க விற்பனைக்கு வந்தது. 1930-இல் போட்டியாளர்கள் இருவரோடு சேர்ந்து அவர் அமைத்த விவசாயிகள் கூட்டுறவுதான் கிரான்பெர்ரிக்குப் பேர்போன இன்றைய ஓஷன் ஸ்ப்ரே நிறுவனம். டப்பாவிலிருந்து அப்படியே வழுக்கி வந்து, பக்கவாட்டில் டப்பாவின் வரிவரித் தடத்தோடு தட்டில் நிற்கும் அந்த ஜெல்லியைப் பார்த்தால்தான் தேங்க்ஸ்கிவிங் என்று நினைக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "எங்கள் வீட்டில் டப்பாதான்" என்றால் ஒன்று வாங்கிக்கொண்டு, நீங்கள் செய்ததையும் எடுத்துப் போங்கள். இரண்டும் காலியாகும்.

இதே பழத்தில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கினால் பிரமாதமான தொக்கு வரும். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகள் பலவற்றில் நவம்பரில் இது நடக்கும். ஆனால் சாஸ் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதைக் கொண்டு போய் நிற்காதீர்கள். அந்த வீட்டுப் பாட்டி ஒரு முழுக் கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். காரமென்று சொல்லிவிட்டுத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தப்பில்லை.

நன்றாக ஆறிய பிறகு மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். கிளம்பும்போது அப்படியே எடுத்துப் போங்கள், சூடாக்க வேண்டாம், இது குளிர்ச்சியாகவே பரிமாறுவது. அங்கே மிஞ்சினால் விருந்தளித்தவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் மிச்ச வான்கோழியை ரொட்டிக்குள் வைத்து அவர்கள் சாண்ட்விச் செய்வார்கள், அதில் தடவ இது வேண்டும்.