ஒரே யூரியா: வெள்ளாமை பச்சை, கொச்சிக்காய் மஞ்சள்

கேள்வி: ஐயா, கொக்கட்டிச்சோலைப் பக்கம் கால் ஏக்கரில் கொச்சிக்காய் வைத்திருக்கிறேன். மார்கழி மழையில் நான்கு நாள் தண்ணீர் தேங்கி நின்றது. இலை மஞ்சளானதால் யூரியா போட்டேன். ஒரு கிழமையாகியும் தேறவில்லை; பகலில் வாடித் தொங்குகிறது. அதே யூரியா போட்ட வெள்ளாமை பச்சை பிடித்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு ஒரு பிடிகூடப் போடாதீர்கள். மண்ணில் பசளை கிடக்கிறது. அதை இழுத்தெடுக்கத்தான் வேருக்குப் பலம் இல்லை.

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலப் பசளை தானாக வேரில் ஏறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வேரின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. உப்புச்சத்து எதுவும் அதை நினைத்தபடி கடக்க முடியாது. மண்நீரில் கொஞ்சமாக இருக்கும் பொற்றாசியம் கலத்துக்குள்ளே பல மடங்கு கூடுதலாக இருக்கும். அப்படிக் கூடிய இடத்துக்கு இன்னும் ஏற்றுவதென்றால், பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு இறைக்கிற வேலைதான். மெசின் வேண்டும், மெசினுக்கு எண்ணெயும் வேண்டும்.

அந்த மெசின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். ஏ.ரி.பி. என்னும் சக்தி மூலக்கூறை உடைத்து ஐதரசன் அயன்களை, அதாவது மின்னேற்றமுள்ள நுண்துகள்களை, வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இதனால் சவ்வின் இரு பக்கமும் சின்ன பற்றரி மாதிரி மின் வித்தியாசம் உண்டாகிறது. வெளியே போன அயன்கள் மறுபடி உள்ளே பாயும்போது நைத்திரேற்று, பொசுபேற்று என்னும் பசளைச் சத்துகளையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. வேர் சாப்பிடுவது இப்படித்தான்.

சரி, ஏ.ரி.பி. எங்கிருந்து வருகிறது? இலை அனுப்பும் சீனியை வேர் ஒட்சிசனோடு எரித்துச் செய்துகொள்கிறது. ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.ரி.பி. கிடைக்கும். இல்லாவிட்டால் 2 மட்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஒட்சிசன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண் இடுக்கெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால், இருந்த கொஞ்ச ஒட்சிசனையும் வேரும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே முடித்துவிடும். அப்புறம் மெசின் ஓடாது. அந்தச் சக்திப் பஞ்சத்தில் கலம் புளித்து, சவ்வில் தண்ணீர் வரும் வழிகளும் மூடிக்கொள்ளும். உங்கள் செடி ஈரத்தில் நின்றபடியே வாடுவது அதனால்தான்.

நெல்லுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. இலையிலிருந்து வேர்வரை காற்றுப் போக அதற்கு உள்வழி உண்டு. ஒரு நெல் வேரைக் குறுக்கே நறுக்கி உருப்பெருக்குக் கண்ணாடியில் பாருங்கள், பொந்து பொந்தாகத் தெரியும். கொச்சிக்காய்க்கு மண்ணில் இருக்கும் காற்றை விட்டால் வேறு கதி இல்லை.

முதலில் பாத்திகளுக்கு நடுவே ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிய விடுங்கள். மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும், வேரில் படாமல் மேல்மண்ணை மெதுவாகக் கிளறுங்கள். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரை விரலால் உருவிப் பாருங்கள். தோல் வழுக்கிக் கையோடு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் செத்துவிட்டது. பக்கத்தில் வெள்ளை நுனிகள் கிளம்பியிருந்தால் செடி தப்பிவிடும். அந்த வெள்ளை வேரைக் கண்ட பிறகுதான் பசளை, அதுவும் வழக்கமான அளவில் பாதியை இரண்டு தடவையாகப் பிரித்து. தேங்கிய நீரில் போட்டால் யூரியாவில் நைத்திரேற்றாக மாறியதை பக்ரீரியா வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும், உங்கள் காசும் அதோடு போகும்.

அதுவரை செடி தாக்குப்பிடிக்க, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் யூரியா கரைத்து மாலை வெயில் தணிந்த பின் இலையில் தெளிக்கலாம். இலைக்கு ஒட்சிசன் தாராளமாகக் கிடைப்பதால் அதன் மெசின் இன்னும் ஓடுகிறது. முதலில் நாலைந்து செடிக்கு அடித்து, இரண்டு நாள் இலை கருகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடித்தண்டு கறுத்துப்போன செடி இருந்தால் அது நோய், இந்த வைத்தியம் அதற்குச் சரிவராது. ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.