ஒரே சுரத்தில் ஆறு அசைகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எங்கள் சபைப் பாடகர் குழுவில் பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். பிபிசி ரேடியோ 3-இல் இங்கிலாந்துப் பேராலயங்களின் மாலை ஆராதனையைக் கேட்பதுண்டு. சங்கீதம் (வேதாகமத்துச் சங்கீதப் பாட்டு) வந்தால் தள்ளிவிட்டு நேராக ஆன்தத்துக்கு, அதாவது குழு தனியாகப் பாடும் பாட்டுக்கு, போய்விடுவேன். ஒரே ராகத்தை எத்தனை தடவைதான் கேட்பது? என் கேள்வி வேறு. சிறுவர் குரலில் இருக்கும் தூய்மை சிறுமியருக்கு வருமா?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வரும். சால்ஸ்பரி பேராலயம் 1991-லேயே சிறுமியர் குழுவைத் தொடங்கிவிட்டது. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயம்தான் 2024 வரை இழுத்தடித்தது. ஒரே ஆசிரியரிடம் பழகிய இரு குழுக்களைத் திரைக்குப் பின்னால் பாடவிட்டால் தேர்ந்த காதும் தடுமாறும். அதை விடுங்கள்.

சங்கீதத்தைத் தள்ளிவிடுகிறாராம், அதுவும் ஒரு பேஸ் பாடகர்! ஆன்தத்தை நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றலாம். சங்கீதம் அப்படியல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டு வைத்திருக்கிறது. பிள்ளைகளாவது பள்ளிக்கு முன் பயிற்சி செய்திருப்பார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் ஆராதனைக்குச் சற்று முன்புதான் வந்து சேருவார்கள். அன்றைய சங்கீதத்துக்குக் கிடைப்பது சில நிமிடம். குழுவின் லட்சணம் அங்கேதான் தெரியும்.

ராகம் என்று நீங்கள் அலுத்துக்கொள்வது மொத்தம் பத்தே சுரம்: வசனத்தின் முன்பாதிக்கு நான்கு, பின்பாதிக்கு ஆறு. இரட்டை ராகமென்றால் இருபது, இரண்டு வசனத்துக்கு. ஒவ்வொரு பாதியிலும் முதல் சுரம் ரப்பர் மாதிரி. எத்தனை அசை வந்தாலும் அதில் ஏற்ற வேண்டும். 23-ஆம் சங்கீதத்தில் 'ஹீ ஷல் ஃபீட் மீ இன் எ கிரீன் பாஸ்ச்சர்' (அவர் என்னைப் பசும்புல்லில் மேய்ப்பார்) என்ற முன்பாதியைப் பாருங்கள். வழக்கமான பிரிப்பில் 'ஹீ' முதல் 'எ' வரை ஆறு அசையும் முதல் சுரத்தில், 'கிரீன்' அடுத்த இரண்டில், 'பாஸ்ச்சர்' கடைசியில். மோசமான குழு அந்த ஆறையும் பிரேக் பிடிக்காத பஸ் மாதிரி ஓட்டிவந்து 'கிரீன்' மேல் தொப்பென்று விழும். அந்த 'எ' ஒன்றுமில்லாத அசை. அதற்குப் போய் அழுத்தம் கொடுத்தால் வாக்கியமே செத்துப்போகும். 'ஃபீட்' கொஞ்சம் ஊன்ற வேண்டும், மற்றவை பேச்சு வேகத்தில் நகர வேண்டும். இதற்கு மருந்து ஒன்றுதான். முதலில் எல்லாரும் சேர்ந்து சுரமில்லாமல் வாசியுங்கள். பிறகு ஒரே சுரத்தில் சொல்லுங்கள். கடைசியாக ராகத்தைப் போடுங்கள். சொல்லின் வேகம் மட்டும் மாறக் கூடாது.

வசனத்தின் இரு பாதிகளுக்கு நடுவே முக்காற்புள்ளி (:) இருக்கிறதே, அது ஒரு மூச்சு. குழு இரண்டாகப் பிரிந்து, தெற்குப் பக்கம் டெக்கேனை, வடக்குப் பக்கம் கான்டோரிஸ் என்ற பெயரில் எதிரெதிரே நின்று மாறிமாறிப் பாடும். இரு பக்கமும் அந்த மூச்சை ஒரே அளவில் விட வேண்டும். ஒரு பக்கம் அவசரப்பட்டால், கல் கூரையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் முந்தைய சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறிவிடும். சொல்லின் கடைசி 'ஸ்' ஆளுக்கொரு நேரத்தில் விழுந்தால் பாம்புப் புற்றுதான். பேஸ்காரர்கள் கடைசிச் சுரத்தைப் பிடித்துத் தொங்குவதும் இதே வகைக் குற்றம். உங்களைச் சொல்லவில்லை. சொன்னாலும் தப்பில்லை.

கோபப்படாதீர்கள். ஆன்தத்தைத் தேடிக் கேட்கிற காது இதையும் கேட்கும். மாதத்தின் 15-ஆம் நாள் மாலைக்கு ஒரே சங்கீதம், 78. ஜெபப் புத்தகக் கணக்கில் 73 வசனம், ஒற்றைப்படை. முழுவதையும் இரட்டை ராகத்தில் பாடும் பதிவாகப் பார்த்து எடுங்கள். எங்கேயோ ஓர் இடத்திலாவது இரட்டை ராகத்தின் இரண்டாவது பத்துச் சுரத்தை மட்டும் ஒரு வசனத்துக்காக இன்னொரு தடவை பாடியே ஆக வேண்டும். எந்த வசனத்தில் என்று எனக்கு எழுதுங்கள்.