சிண்ட்ரெல்லா படத்தை வைத்து மறுமலர்ச்சிக் காலப் பாடம் நடத்துவது எப்படி?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 'நவீன யுகத்தின் தொடக்கம்' பாடத்தில் மறுமலர்ச்சி வந்தால் பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு சரி. 1998-இல் வந்த 'எவர் ஆஃப்டர்' என்ற ஆங்கிலப் படத்தில் சிண்ட்ரெல்லா கதையும் லியோனார்டோ டாவின்சியும் சேர்ந்தே வருகிறார்களாம். அதை வகுப்பில் காட்டலாமா? படத்தில் வருவதையெல்லாம் வரலாறு என்று நம்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு பீரியட் 40 நிமிடம்தான்.

பதில்:

தாராளமாகக் காட்டலாம். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதுதான் இந்தப் படத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி. ஆனால் படத்தைப் போட்டுவிட்டு, முடிந்ததும் "என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டால் நீங்கள் பயந்ததுதான் நடக்கும்.

ஆண்டி டென்னன்ட் இயக்கி, ட்ரூ பேரிமோர் நடித்த இந்தப் படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். 19ஆம் நூற்றாண்டில் ஒரு வயதான சீமாட்டி, ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களை வரவழைத்து, அவர்கள் எழுதிய சிண்ட்ரெல்லாவை மறுத்து, அப்படி ஒரு பெண் நிஜமாகவே வாழ்ந்தாள் என்று சொல்லத் தொடங்குகிறார். அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டு பிரான்ஸுக்குப் போகிறோம். நாயகி டானியெல், சித்தி ரோட்மில்லா, இளவரசன் ஹென்றி எல்லாரும் உண்டு. தேவதையும் பூசணிக்காய் வண்டியும் கிடையாது. மந்திரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வரலாற்றை நிரப்பியிருக்கிறார்கள். தேவதை பார்த்த வேலையை டாவின்சி பார்க்கிறார்.

எனவே படம் முழுக்க ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மந்திரம் போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது, அது அந்தக் காலத்தில் நடந்திருக்கக்கூடியதா? கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, கடைசி நாள் வரை அழிக்காமல் விடுங்கள்.

படத்துக்கு முந்தைய பீரியட்

யாரையும் கலந்து பேசவிடாமல், சிண்ட்ரெல்லா கதையை நினைவிலிருந்து பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். தாள்களை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் பூசணிக்காய், கண்ணாடிச் செருப்பு, நள்ளிரவு மணி என்றே இருக்கும். இவை பிரெஞ்சுக்காரரான சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில் வருபவை. டிஸ்னி 1950-இல் எடுத்த கார்ட்டூன் அதைப் பின்பற்றியதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட கதையில் தேவதையே இல்லை. தாயின் கல்லறையில் நட்ட மரத்தை உலுக்கினால் உடை விழுகிறது, செருப்பு தங்கம். சித்தியின் மகள்களில் ஒருத்தி கால்விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொண்டு அதற்குள் பாதத்தை நுழைக்கப் பார்க்கிறார்கள். புறாக்கள் அவர்கள் கண்களைக் கொத்துவது 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதை வகுப்பில் சொன்னால் பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

பிறகு நான்கு துண்டுத் தாள்களைக் கலைத்துக் கொடுத்துக் கால வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். சீனாவில் துவான் செங்ஷி 9ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த யெ ஷியான் கதை. அதில் உதவி செய்வது ஒரு மீனின் எலும்புகள், செருப்பு தங்கம். அடுத்து நேப்பிள்ஸைச் சேர்ந்த பசீலேயின் கதை, 1634. பெரோ, 1697. கிரிம், 1812. அடுக்கி முடித்ததும் தாள்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். படம் முடிந்தபின் இதே வரிசையிடம் திரும்ப வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கும் அறை ஏற்பாடும்

40 நிமிட பீரியடில் வருகைப் பதிவு, புரொஜெக்டர், ஜன்னலை மறைப்பது எல்லாம் போக 30 நிமிடம்தான் படத்துக்கு. ஆக, படத்துக்கு நான்கு பீரியட், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மொத்தம் ஏழு. அவ்வளவு இல்லையென்றால் படத்தை அவசரமாக ஓட்டாதீர்கள். தொடக்கக் காட்சி, டானியெல் வேலைக்காரரை மீட்கும் காட்சி, டாவின்சி காட்சி ஆகிய மூன்றை மட்டும் இரண்டு பீரியடில் காட்டி, மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடலாம். அரைகுறையாக முழுப் படம் பார்ப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

வசனம் முழுக்க ஆங்கிலம், அதிலும் பிரிட்டிஷ் சாயல் உச்சரிப்பு. ஆங்கில சப்டைட்டிலைக் கட்டாயம் போடுங்கள். தமிழ்வழி வகுப்பென்றால் பாத்திரங்களின் பெயரும் உறவும் போட்ட அரைப் பக்கத் தாளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஒலியை முந்தைய நாளே சோதியுங்கள், மின்விசிறியை ஓடவிட்டுச் சோதியுங்கள். புரொஜெக்டரிலேயே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் விசிறிச் சத்தத்தில் காணாமல் போகும். தனி ஸ்பீக்கர் வேண்டும்.

குறிப்புத் தாளில் மூன்று பத்திகள் போதும்: பழைய கதையில் இருந்தது, வரலாற்றில் சான்று உள்ளது, படம் சேர்த்தது. இருட்டில் எழுதச் சொல்லாதீர்கள், பாதிப் பேர் படத்தையும் விட்டுவிடுவார்கள், எழுத்தையும் விட்டுவிடுவார்கள். நீங்கள் நிறுத்தும் இடத்தில் விளக்கைப் போட்டு மூன்று நிமிடம் கொடுங்கள். ஒரு பீரியடுக்கு ஒரே ஒரு நிறுத்தம். அதற்கு மேல் நிறுத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

எங்கே நிறுத்துவது

முதல் நிறுத்தம் டானியெல் வேலைக்காரரை மீட்கும் இடம். சித்தி தன் கடனுக்காக விற்றுவிட்ட முதியவரைக் கடல் கடந்து அனுப்ப ஏற்றியிருப்பார்கள். டானியெல் சீமாட்டி வேடத்தில் வந்து, மக்களைக் கல்வியில்லாமல் வளர்த்துவிட்டுப் பிறகு திருடியதற்காகத் தண்டிப்பது, நாமே திருடர்களை உருவாக்கித் தண்டிப்பதாகாதா என்று இளவரசனிடம் வாதாடுவாள். இது அவள் சொந்தச் சரக்கு அல்ல. அப்பா கொடுத்த தாமஸ் மோரின் 'உட்டோப்பியா'வில் வரும் வாதம். அந்த நூல் 1516-இல் லூவெனில் லத்தீனில் அச்சாயிற்று. திருடர்களைத் தூக்கிலிடுவதையும், ஆட்டு மேய்ச்சலுக்காக உழவர்களை நிலத்திலிருந்து துரத்துவதையும் மோர் கண்டித்தது இங்கிலாந்தை முன்வைத்து. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1550-இல்தான் வந்தது. அப்படியானால் டானியெல் லத்தீனில் படித்தாளா? அந்தக் காலப் பெண்ணால் முடியுமா? இங்கே அன்றைய பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸின் சொந்த அக்காளான நவார் அரசி மார்கரீத் பற்றிச் சொல்லுங்கள். பல மொழி அறிந்தவர், நூலாசிரியர். அரிதுதான், ஆனால் நடக்காததல்ல. 'நடந்தது' என்பதற்கும் 'நடந்திருக்கலாம்' என்பதற்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகள் முதன்முதலாக உணரும் இடம் இது. கொஞ்சம் நின்று போங்கள்.

இரண்டாவது நிறுத்தம் மோனாலிசா. காட்டு வழியில் நாடோடிகள் டாவின்சியிடமிருந்து ஒரு நீளக் குழாயைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இளவரசன் துரத்தி மீட்டுத் தருகிறான். குழாய்க்குள் சுருட்டி வைத்திருப்பது மோனாலிசா ஓவியம். படத்தை இங்கே நிறுத்திவிட்டு, 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலத்துக்கு அறுத்து வாங்கிய பலகை ஒன்றை மேசைமேல் வையுங்கள். அசல் ஓவியத்தின் அளவு அதுதான், அது வரையப்பட்டதும் பாப்லர் மரப் பலகையில்தான். "இதைச் சுருட்டுங்கள் பார்க்கலாம்" என்று ஒரு பையனிடம் கொடுங்கள். மரக்கடையில் மிஞ்சிய ஒட்டுப்பலகைத் துண்டு போதும், செலவு அதிகம் ஆகாது. சான்று என்பது பொருளிலும் இருக்கிறது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்டும் வழி கிடையாது.

கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். டாவின்சி பிரான்சிஸ் மன்னரின் அழைப்பில் 1516-இல் பிரான்ஸ் போனதும், அம்புவாஸ் நகரில் தங்கியதும், மோனாலிசாவைக் கூடவே கொண்டுபோனதும் உண்மை. ஓவியம் பிரான்ஸுக்கு வந்தது வரலாறு, குழாயில் வந்தது கற்பனை. ஒரே காட்சியில் இரண்டு பத்தியும் நிரம்பிவிடும்.

மூன்றாவது, கணக்குப் போடும் நிறுத்தம். பிரான்சிஸின் மகன் ஹென்றி பிறந்தது 1519 மார்ச் 31. டாவின்சி இறந்தது அதே 1519 மே 2. இரண்டு தேதிகளையும் பலகையில் எழுதிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். டாவின்சி காதலுக்கு யோசனை சொல்லும்போது இளவரசனுக்கு வயது ஒரு மாதம் என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சிரிக்கட்டும்.

அந்தச் சிரிப்போடு விட்டுவிடக் கூடாது. இங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் தடம் மாறும். தப்பு கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டாகி, கடைசியில் "படமே பொய் சார்" என்று முடியும். ஒவ்வொரு தப்புக்கும் பின்னால், ஏன் இப்படி மாற்றினார்கள் என்று கேட்டே ஆகவேண்டும். ஹென்றி விஷயத்தில் அதற்கு அருமையான பதில் இருக்கிறது. படத்து ஹென்றிக்கு ஸ்பெயின் இளவரசியை நிச்சயம் செய்கிறார்கள். திருமண மேடையில் அவள் அழ, அவளை விட்டுவிட்டுக் காதலியைத் தேடிப் போகிறான். நிஜ ஹென்றியின் கதை வேறு. அப்பா பிரான்சிஸ் 1525-இல் பாவியா போரில் ஸ்பெயின் மன்னரின் படையிடம் சிறைப்பட்டார். அவரை விடுவிக்க 1526-இல் இரண்டு மகன்களைப் பிணையாக ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். ஏழு வயதுகூட நிறையாத ஹென்றி அங்கிருந்து திரும்பியது 1530-இல். 1533-இல், 14 வயதில், மார்சேயில் கேத்தரின் தெ மெடிசியுடன் திருமணம். திருமணத்துக்கு வந்திருந்த போப் ஏழாம் கிளெமென்ட் பெண் வீட்டு உறவினர். பின்னாளில் இதே ஹென்றி தன் மகளை ஸ்பெயின் மன்னருக்கே மணம் முடித்தார். அந்தக் கொண்டாட்டத்தில் நடந்த ஈட்டிப் போட்டியில் காயம்பட்டு 1559-இல் இறந்தார். அரச குடும்பத்தில் திருமணம் என்பது போர் நிறுத்தப் பத்திரம். அதைத் தேவதைக் கதையால் தாங்க முடியாது. தாங்காததைத்தான் படம் கழற்றிவிட்டது. பிள்ளைகள் இந்த இடத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் நினைத்த பாடம் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் கல்வி தரும் பல்கலைக்கழகம் பற்றி இளவரசன் கனவு காண்பதையும் விடாதீர்கள். 1530-இல் பிரான்சிஸ் மன்னர் அரச விரிவுரையாளர்களை நியமித்தார். பாரிஸில் இன்று இருக்கும் காலேஜ் தெ பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனம் அதன் தொடர்ச்சி. அப்பா செய்ததை மகன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

படம் முடிந்த பிறகு

முதல் பீரியட் சுவரில் ஒட்டிய நான்கு தாள்களுக்குத்தான். இந்தக் கதைக்கு மூலம் 16ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் நடந்த நிகழ்ச்சி என்கிறார் படத்துச் சீமாட்டி. அப்படியென்றால் 9ஆம் நூற்றாண்டுச் சீனாவில் அதே கதை எப்படி? வகுப்பை அரை மணி நேரம் வாதாட விடுங்கள். கிரிம் சகோதரர்களுக்குச் சீமாட்டி காட்டுவது கண்ணாடிச் செருப்பு, அவர்கள் புத்தகத்தில் இருப்பதோ தங்கச் செருப்பு என்பதையும் யாராவது பிடித்தால் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

இரண்டாவது பீரியடில் எழுத்து வேலை. தெரிந்த ஒரு மந்திரக் கதையை எடுத்து, ஒரே ஒரு மந்திரத்தை நீக்கி, குறிப்பிட்ட ஊரிலும் நூற்றாண்டிலும் நடந்திருக்கக்கூடிய ஒன்றை அங்கே வைத்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அடியில், எது உண்மை, எது தாங்கள் சேர்த்தது என்று தனியே குறிக்க வேண்டும். 10 மதிப்பெண்ணில் கதைக்கு 3, காலத்துக்குப் பொருந்தும் விவரத்துக்கு 4, அந்தக் கடைசிக் குறிப்புக்கு 3. குறிப்பை விட்டுவிட்டால் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் 7-க்கு மேல் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காட்டுமுன் நீங்கள் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் பிஜி-13 தரச் சான்று (13 வயதுக்குட்பட்டவர்கள் பார்ப்பதில் பெற்றோர் கவனம் தேவை) பெற்ற படம். டானியெலைச் சித்தி ஒரு நிலக்கிழாருக்கு விற்க, அவன் அவளை மிரட்டும் காட்சி வகுப்புக்குக் கொஞ்சம் கனமானது. நாடோடிகளைக் கொள்ளையராகவே காட்டுவதையும் பேசாமல் கடந்துவிடக் கூடாது. ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்கள் மீது ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒட்டப்பட்டிருக்கும் முத்திரை அது. சித்தி, மாற்றாந்தந்தையோடு வளரும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். "சித்தி என்றாலே கொடுமைக்காரியா, இந்தக் கதைகள் ஏன் அப்படிச் சொல்கின்றன?" என்று பொதுவாகப் பேசுங்கள், யாரையும் பார்த்துக் கேட்காதீர்கள்.

உரிமை விஷயம்: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52-இன்படி, கல்வி நிறுவனத்தின் பணியின் பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டுமே பார்க்கும்படி திரையிடலாம். ஆண்டு விழாவில் ஊரையே கூட்டிக் காட்டுவது இதில் அடங்காது. ஓடிடி சந்தாக்கள் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கானவை என்பதால், டிவிடி வாங்கிப் பள்ளி நூலகப் பதிவேட்டில் ஏற்றிவிடுவது நல்லது. அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.