நீடித்த மன அழுத்தமும் உடலும்: ஓய்வுபெற்ற பொது மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மறதிநோயுள்ள தாயாரை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன், ஐயா. சிறு வெட்டுக்காயம்கூட எனக்கு ஆற நாளாகிறது. இரண்டிற்கும் தொடர்புண்டா?

பதில்: உண்டு, அம்மா. 1995ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உங்களைப் போலவே மறதிநோயாளிகளைப் பராமரித்த 13 பெண்களுக்கும், அவர்களுக்கு இணையான வயதுடைய வேறு 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலைத் துளைத்து, புண் ஆறும் நாட்களை எண்ணினார்கள். பராமரிப்பவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. நெருக்கடியில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி விடும் கார்டிசோல் என்னும் ஹார்மோன் ஒரு மணி நேரத்திற்கு உதவும். மாதக்கணக்கில் நீடித்தால், புண்ணை ஆற்ற முதலில் வந்து சேர வேண்டிய எதிர்ப்பணுக்களின் வேலையைத் தாமதப்படுத்தும். ஆயினும் பழியை அழுத்தத்தின் மேல் போடுவதற்கு முன் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: கார்டிசோல் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும் அளவு அது; ஒருமுறை எடுத்த எண்ணைக் கொண்டு அழுத்தத்தை அளக்க முடியாது.

கேள்வி: அலுவலக டென்ஷனால்தான் எனக்கு அல்சர் வந்தது என்கிறார்கள்.

பதில்: முதலில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியையும், நீங்கள் விழுங்கும் வலி மாத்திரைகளையும் சந்தேகியுங்கள். அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளான ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷலுக்கு, சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் சேர்த்து, 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொருவர்: கிருமி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லையே? 1936இல் அழுத்த ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செல்யே துன்புறுத்திய எலிகளின் இரைப்பையில் புண் கண்டாரே?

பதில்: அவ்வெலிகள் குளிரிலும் காயத்திலும் ஓரிரு நாட்கள் வதைபட்டவை, மேலதிகாரியிடம் பல்லாண்டு திட்டு வாங்கியவை அல்ல. ஆனால் உங்கள் முதல் கேள்வி வலுவானது. 1995இல் ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்திற்குப் பின் இரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் பெருகின. டென்மார்க்கில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று, கிருமி உள்ளவர், இல்லாதவர் இருசாராரிடமும் அழுத்தம் புண்ணின் வாய்ப்பைக் கூட்டுவதைக் கண்டது. எனவே 'கிருமி மட்டுமே' என்று நான் வாதிடவில்லை. கிருமியைத் தேடாமல் விடக்கூடாது என்கிறேன்.

அதே நபர்: அப்படியானால் ஒப்புக்கொள்கிறீர்கள்.

பதில்: பாதி.

கேள்வி: வீட்டிலேயே உமிழ்நீரில் கார்டிசோல் பார்க்கலாமா?

பதில்: கார்டிசோல் பரிசோதனை பற்றி முன்பே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தானே மாரடைப்பு அதிகம்?

பதில்: இல்லை. 1967இல் தொடங்கிய லண்டன் அரசு ஊழியர் ஆய்வில், கடைநிலை ஆண் ஊழியர்களிடையே இதயநோய் மரணம் உயரதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவை அதன் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின.

கேள்வி: முடி கொட்டுகிறது.

பதில்: தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தியானம் பழகுகிறேன், பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: தியானத்தைத் தொடருங்கள், மாத்திரையையும் தொடருங்கள்.

கேள்வி: கார்டிசோலைக் குறைக்கும் பொடி ஏதேனும் உண்டா?

பதில்: மூன்றாவது முறையாகக் கார்டிசோல்! நான் எந்தப் பொடியையும் பரிந்துரைப்பதில்லை.