யூஎஸ்பி சவுண்ட் கார்டில் ‘டக் டக்’ என்று வெட்டுவது ஏன்?

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய யூஎஸ்பி சவுண்ட் கார்ட், விண்டோஸ் 10 மடிக்கணினியில் இடைக்கிடை ‘டக்’ என்று வெட்டுகிறது, டிரைவர் சீடியும் இல்லை என்கிறீர்கள். சீடிக்காக அலைய வேண்டாம். இந்தச் சின்னக் கார்டுகளுக்கு விண்டோஸிலேயே டிரைவர் இருக்கிறது. கண்ட தளத்தில் இறக்கினால்தான் வில்லங்கம்.

ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வழியாகச் செருகியிருந்தால், முதலில் அதைக் கழற்றிவிட்டு கார்டை நேரே மடிக்கணினியில் செருகுங்கள். ஒலித்தரவு மில்லிசெக்கனுக்கு ஒரு பொதியாகப் போகிறது. தவறிய பொதியை யூஎஸ்பி மறுபடி அனுப்பாது. அந்த ஓட்டைதான் ‘டக்’. அதே ஹப்பில் ஹார்ட் டிஸ்க்கும் தொங்கினால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து சவுண்ட் கன்ட்ரோல் பேனல், பிளேபேக்கில் இந்தக் கார்டைத் தேர்ந்து, புராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் போய் ஒலி வடிவத்தை 16 பிட், 48000 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். பாட்டின் தொடக்கம் மட்டும் விழுங்கப்பட்டால், பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் வசதி) நிறுத்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் கார்டை அன்இன்ஸ்டால் செய்து, வேறு போர்ட்டில் செருகுங்கள்.