நெற்றியோர முடி உதிர்வு: பின்னலைத் தளர்த்திப் பாருங்கள்

பாட்டி தினமும் பின்னிவிடும் உங்கள் மகளுக்கு நெற்றியோரம் முடி மெலிந்து சின்னச் சின்னப் பருக்களும் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெயை மாற்றுவதற்கு முன் பின்னலின் இறுக்கத்தைப் பாருங்கள், ஏனென்றால் முடி ஒரே பக்கமாக நாள்கணக்கில் இழுபட்டால் வேர்க்கால்கள் நைந்துபோகும், அது முதலில் தெரிவது நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும்தான். இப்போதே தளர்த்தினால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். வருடக்கணக்கில் விட்டால் அந்த இடம் தழும்பாகி முளைக்காமலே போகலாம்.

பின்னி முடித்ததும் மகளைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். வலித்தாலோ நெற்றித் தோல் இழுத்தாலோ அவிழ்த்துவிட்டு மறுபடி பின்ன வேண்டியதுதான். தலைக்கு ஒட்டிய முதல் இரண்டு மூன்று மடிப்பு தளர்வாக இருக்கட்டும், அப்புறம் கீழே கொஞ்சம் இறுக்கலாம். ஈரத்தில் முடி இழுத்த இழுப்புக்கு நீண்டு அறுந்துபோகும், அதனால் காய்ந்த பிறகே பின்னுங்கள். வகிடையும் அவ்வப்போது மாற்றுங்கள். சவுரி கொஞ்ச நாள் வேண்டாம், அந்தப் பாரமும் வேரைத்தான் இழுக்கும்.

பாட்டியிடம் மட்டும் 'இனி பின்னாதீர்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். மடியில் சாய்ந்து கதை கேட்கிற நேரம் அது, இருவருக்குமே வேண்டும். பருவில் சீழ் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும், சில மாதம் பொறுங்கள்.